இரும்பு பத்து, பிளாஸ்டிக் பத்து

ஜூன் 9

கம்பெனி கமாண்டர் சவுகான் சாப் இன்று காலை இந்த நோட்டை என் மேசையில் போட்டார். "எத்திராஜ், நாற்பத்தைந்து நாள். தினமும் எழுது" என்றார். கூடவே ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் மேகசின் பத்து. கறுப்பாக, சோப்பு டப்பா மாதிரி பளபளவென்று இருக்கிறது.

மேகசின் என்பது ரைபிளின் அடியில் மாட்டுகிற குண்டுப் பெட்டி. முப்பது குண்டு பிடிக்கும். இத்தனை காலம் இரும்பில்தான் வந்தது. இப்போது மேலே எவனுக்கோ பிளாஸ்டிக் மேல் ஆசை வந்துவிட்டது. எது நீடித்து உழைக்கும், கொடுத்த காசுக்கு எது பெறும் என்று ஒப்பிட்டு ரிப்போர்ட் தர வேண்டுமாம்.

பத்தொன்பது வருஷமாக இந்தப் படையில் ஆயுதக் கிடங்கு பார்க்கிறேன். கிடங்கை இங்கே கோத் என்பார்கள். இரும்பு மேகசின் கீழே விழுந்தால் அதன் வாய் உதடு நெளியும். குண்டை நேராகப் பிடித்து வைப்பதே அந்த உதடுதான். நெளிந்ததைக் 'கண்டம்', அதாவது இனி உதவாது என்று எழுதி, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, மேலே அனுப்பி, புதுசு வருவதற்கு எட்டு மாசம் ஆகும். யார் காத்துக் கிடப்பது? இடுக்கியை எடு, உதட்டை நிமிர்த்து, திருப்பிக் கொடு. இந்தக் காட்டு முகாம்களில் ஆயுதம் பழுது பார்க்கிற ஆர்மரர் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பட்டாலியனில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ரிப்போர்ட் இந்தியில் தர வேண்டும். நோட்டு என் பாஷையில்தான்.

ஜூன் 10

முனிரத்தினம் கோத்துக்கு வந்தான். என் தங்கை கோமளாவின் புருஷன். எங்களூர் குடியாத்தம் பக்கம். அவனுக்குப் பக்கத்து ஊர். போன வருஷம் நான்தான் சாப் காலில் விழாத குறையாகக் கேட்டு இந்தக் கம்பெனிக்கு மாற்றிக் கொண்டுவந்தேன். என் கண் முன்னால் இருக்கட்டும் என்று கோமளாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தான். "இன்னா மச்சான், தூக்கினா தூக்குன மாரியே தெர்ல! எனக்கு நாலு குடு, ரோந்துக்கு எட்த்துக்கினு போறேன்."

"இது சோதனைச் சாமான் மாப்ள. வெள்ளாட்டுச் சாமான் இல்ல."

"சோதனதான மச்சான்? இங்க ஒக்காந்துக்கினு கீழ போட்டுப் பாக்கறதா சோதன? காட்ல வந்து பாரு."

வாய் அதிகம் அவனுக்கு. ஆனாலும் நாலு கொடுத்தேன். மீதி ஆறு என்னிடம்.

ஜூன் 12

விழும் சோதனை. முப்பது குண்டு போட்டு, வாய் கீழே பார்க்க, சிமெண்ட் தரையில் இருபது முறை.

இரும்பு பத்தும் இடுப்பு உயரத்திலிருந்து. மூன்றில் உதடு நெளிந்தது. நிமிர்த்தினேன். தேறியது.

பிளாஸ்டிக் ஆறும் காவல் மேட்டின் மணல்மூட்டை மேலிருந்து. இரண்டு ஆள் உயரம் இருக்கும். ஒன்றில் விரிசல். தோற்றது.

உயரம் ஏன் வேறு என்று யாராவது கேட்டால்: பிளாஸ்டிக் எடை குறைவு. உயரத்தைக் கூட்டினால்தான் அடி சமமாகும். இது கூடத் தெரியாதவன் கேட்கக் கூடாது.

ஜூன் 13

மழை. இரும்பில் ஏழு துருப்பிடித்தது. துடைத்தால் போகும்.

ஜூன் 17

இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை வழியில் போட்டு ஜீப்பை மேலே ஏற்றினேன். இரும்பு சப்பையாகிவிட்டது. பிளாஸ்டிக் அமுங்கி மறுபடி எழுந்து நின்றது. டயர் அதன் மேல் சரியாக ஏறவில்லை என்று நினைக்கிறேன். இந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூன் 22

ரோந்துக்குப் போனவர்கள் ஓடைக்கரையில் மோதிவிட்டு வந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் ஆயுதக் குழுவில் ஒருவன் செத்தான். உடலை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்து தகரக் கொட்டகை முன்னால் இறக்கினார்கள். வயிறு திறந்து கிடந்தது. இருபது வயசு இருந்தால் அதிகம். ஈ மொய்க்கிற வரை படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடித்தது முனிரத்தினம்தான். பத்தடி தூரத்தில் நேருக்கு நேர். இரண்டு பிளாஸ்டிக் மேகசினைக் காலி பண்ணியிருக்கிறான், ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லையாம். மத்தியானம் சோறு இறங்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் ரைபிளு சிக்கிக்கிச்சி மச்சான். தட்டித் தட்டிப் பாத்தான். அது எம்மேல திரும்பறதுக்குள்ள நான் இழ்த்துட்டேன். அவன் தட்டறத பாத்துக்கினேதான் சுட்டேன்."

அழுதான். நான் தோளில் தட்டி, சாப்பிடு என்றேன். 

பிளாஸ்டிக் பற்றி: ஒரே ஒரு சண்டையை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது.

ஜூலை 3

ரோட்டில் வெடி. காலையில் பாதை சரிபார்க்கப் போன வண்டி. தண்ணீர் லாரி அளவுக்குப் பள்ளம். இரண்டு பேர் போய்விட்டார்கள். ஆயுதம் பொறுக்க ஆர்மரர் போக வேண்டும் என்பது விதி. போனேன். ஒரு பூட்ஸ் மரத்தில் தொங்கியது. பூட்ஸுக்குள் கால் இருந்தது. இன்னொருவனுக்கு முகம் முழுசாக இருந்தது, கழுத்துக்குக் கீழே எதுவும் சரியாக இல்லை. நேற்றுதான் என்னிடம் வந்து எண்ணெய் வாங்கிப் போனான்.

அவன் இடுப்புப் பையில் மேகசின் எண் 47. இரும்பு. உதடு இரண்டும் பிளந்துகொண்டு நின்றது. ஆனால் உடம்பு உடையவில்லை! மனுஷன் போன இடத்தில் இரும்பு நின்றிருக்கிறது. நான் சொல்வது இதைத்தான்.

ஜூலை 4

47-ஐ மண்ணெண்ணெயில் மூன்று தடவை ஊறவைத்தேன். ஸ்பிரிங் சுருளுக்குள் இருந்த ரத்தம் கடைசியில்தான் போனது. இரண்டு மணி நேரம் இடுக்கியோடு உட்கார்ந்து உதட்டை நிமிர்த்தினேன். இந்த வேலையை என்னைத் தவிர எவனும் செய்ய முடியாது. கோத்தில் வைத்து ஐந்து குண்டு ஏற்றி இறக்கினேன். அழகாக ஏறியது. தேறியது.

ஜூலை 11

தட்டச்சு செய்யும் கிளார்க் கேட்கிறான், முடிவு என்ன எழுதட்டும் என்று. ஒரு பிளாஸ்டிக் விலைக்கு ஒன்றரை இரும்பு வாங்கலாம். இரும்பை நிமிர்த்தலாம், பிளாஸ்டிக்கை நிமிர்த்த முடியாது. முடிவு தெரிந்ததுதான்.

ஜூலை 19

ரிப்போர்ட்டுக்கு இன்னும் நாலு நாள். பத்தையும் எண்ணிக் கட்டி அனுப்ப வேண்டும். முனிரத்தினத்திடமிருந்து நாலையும் திரும்பக் கேட்டேன். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நாளன்னிக்கு ரோந்து கீது மச்சான். முட்ச்சிட்டு வந்து குட்த்துர்றேன். ரெண்டு நாளு தான?"

"இன்னிக்கே எண்ணணும். குடுறா."

"மச்சான், சொல்றத கேளு. இது இன்னிக்கு வரைக்கும் என்னை ஏமாத்துல."

"இரும்பு ஏமாத்துதா? பத்தொம்போது வருசமா எங்கையால நிமித்திக் குடுக்கறேன், எவனாவது ஒருத்தன் வந்து குறை சொன்னானா?"

பையைத் திறந்தான். பிறகு நாலையும் எடுத்து மேசையில் வைத்தான். அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் துழாவி, நல்லதாக நாலு இரும்பு பொறுக்கிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே 47.

"இத மொதல்ல மாட்டு மாப்ள. வெடிக்கே சாவாதது. இதுக்கு மேல ராசியானது இந்தக் கோத்துலயே இல்ல."

சிரித்துவிட்டான். "சரி மச்சான். நீ குட்த்தா சரிதான்."

ஜூலை 21

காலை ஏழு இருபதுக்குச் சத்தம் கேட்டது. இரண்டு மைல். முதலில் ஒரே வீச்சில் நூறு குண்டு, அப்புறம் விட்டு விட்டு. வயர்லெஸ்ஸில் அருள்தாஸ் குரல். அருள்தாஸ் திருநெல்வேலிக்காரர், முனிரத்தினத்தோடு ரோந்து போன செக்‌ஷனின் தலைவர். "கவர் குடு, கவர் குடு" என்று தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தார். செக்‌ஷனில் தமிழ் தெரிந்த இன்னொருவன் முனிரத்தினம் மட்டும்தான்.

எட்டேகாலுக்கு டிராக்டரில் கொண்டுவந்தார்கள். முதலில் போரா. அஸ்ஸாம் பையன், முதுகில் நாலு ஓட்டை. அடுத்தது போர்வை போட்டது. போர்வையை நான்தான் விலக்கினேன். இடது கை தோளிலிருந்து தொங்கியது, ஒரு தோல்தான் பிடித்துக்கொண்டிருந்தது. தொண்டையில் ஒன்று. கண் திறந்திருந்தது. வலது கை விரல் எல்லாம் தோல் உரிந்து கிடந்தது.

கோமளாவுக்கு என்ன சொல்வேன்? ஐயோ, கோமளாவுக்கு என்ன சொல்வேன்?

ஜூலை 22

அவன் ரைபிள் கோத்துக்கு வந்தது. மேகசின் மாட்டியபடியே. ஒரு குண்டு வாயில் கோணலாகச் சிக்கி நின்றது. அதை எடுத்தேன். மேகசினைக் கழற்றினேன். எண் 47. உள்ளே, சிக்கியதையும் சேர்த்து, இருபத்திரண்டு.

தனியாக ஒரு துணிப்பையில் ஏழு குண்டு. சுடப்படாதவை. அவன் கிடந்த இடத்தில் காலடியில் பொறுக்கியதாம்.

ரத்தத்தைக் கழுவினேன். வந்த ஆயுதத்தை உடனே சுத்தம் செய்து சரிபார்த்து வைப்பது ஆர்மரர் கடமை. இடுக்கி மேசை மேலேயே இருந்தது. வழக்கம் போல எல்லாம் செய்து வைத்தேன்.

ஜூலை 23

உடல் ஊருக்குப் போனது. கூடப் போகச் சொன்னார் சாப். கோத் சாவியை யாரிடம் கொடுப்பது என்று சொல்லிவிட்டேன். சாவியை வாங்க இங்கே பத்துப் பேர் இருக்கிறார்கள்.

ஜூலை 26

அருள்தாஸ் வந்தார். காதுமடல் கிழிந்து கட்டுப் போட்டிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எத்திராஜ், நாஞ் சொல்லுதேன்னு கோவப்படாதீரும். ஒம்ம மாப்ள சுடல வே."

"இன்னா சொல்ற?"

"நானும் போராவும் வெட்டவெளில கெடந்தோம். முனிரத்தினம் வரப்புக்குப் பின்னால, நல்ல எடத்துல கெடந்தான். கவர் குடுலேன்னு தொண்ட கிழியக் கத்துனேன். ஒரு சுடு சுட்டான். அம்புட்டுதான். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. போரா எந்திச்சு ஓடுனான், முதுகுல வாங்கிட்டு எம்மேல விழுந்தான். பொறவு போய்ப் பாத்தா ஒம்ம மாப்ள காலடில ஏழு குண்டு முழுசாக் கெடக்கு. பயத்துல கைய கால ஆட்டிக்கிட்டு எல்லாத்தையும் கீழ கொட்டியிருக்கான். நாளன்னைக்கு விசாரணைல இதத்தான் சொல்லுவேன். போராவுக்கு நாந்தான் பதில் சொல்லணும் வே."

அடித்துவிட்டேன். வாயிலேயே. கட்டுப் போட்ட ஆள் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் திருப்பி என் வயிற்றில் உதைத்தார். மேசை கவிழ்ந்து மேகசின்கள் சிதறின. நாலு பேர் வந்து பிரித்தார்கள். பல்லில் ரத்தத்தோடு அவர் சொன்னார்: "என்னய அடிச்சா அவன் சுட்டதா ஆயிருமாவே?"

ஜூலை 28

சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். மேசையில் அந்த ஏழு குண்டு, வரிசையாக. அருள்தாஸ் சொன்னார். மறுத்துச் சொல்ல வேறு சாட்சி இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். ரைபிளும் மேகசினும் எப்படி இருக்கின்றன என்று கேட்டார்கள்.

"சரியாக இருக்கின்றன, சாப்" என்றேன்.

47-ஐ வாங்கி ஒருவர் மாற்றி ஒருவர் வாயைத் தடவிப் பார்த்தார்கள். நேராக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்தது.

'எதிர்த்துச் சுடத் தவறினார்' என்று எழுதப் போகிறார்களாம். கையெழுத்து வெள்ளிக்கிழமை.

ஜூலை 29

கோமளா போன் பண்ணினாள். அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ணா, தெருமொனையில அவரு பேனரு கட்டியிருந்தாங்க. இன்னிக்கி கழட்டிட்டாங்க. யாரோ போன்ல அனுப்பியிருக்காங்க, பயந்துக்கினு சுடாம படுத்துக்கினு இருந்தாருன்னு. நெஜமா ணா?"

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? நீ அங்கதான கீற? நீ சொல்லு. ஸ்கூல்ல பாப்பாவ கேக்கறாங்க ணா. நீ சொன்னா நான் நம்பறேன்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நான் விசாரிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 30

சாவோடு அனுப்பாமல் நின்றுபோன பெட்டியைப் பிரித்து, காலையிலிருந்து சோதனையை மறுபடி செய்தேன். இரண்டையும் ஒரே இடுப்பு உயரத்திலிருந்து, முப்பது குண்டோடு, இருபது முறை. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன்.

பிளாஸ்டிக் ஒன்பது. ஒன்றுகூட உடையவில்லை.

இரும்பு ஒன்பது. நான்கில் உதடு நெளிந்தது. நான்கும் நான் ஏற்கெனவே நிமிர்த்தியவை. ஒரு தடவை வளைத்து நிமிர்த்திய இரும்பு அதே இடத்தில் மறுபடி வளைகிறது, இன்னும் சீக்கிரமாக. இது எனக்கு இன்று தெரிந்த விஷயமா? இல்லை. பத்தொன்பது வருஷமாகத் தெரியும். நெளிந்து வருகிற ஒவ்வொன்றிலும் என் இடுக்கித் தடம் இருக்கும். பார்த்துக்கொண்டே மறுபடி நிமிர்த்துவேன்.

இப்போது எழுதிவிடுகிறேன். 22-ஆம் தேதி 47-ஐக் கழற்றியபோது உதடு இரண்டும் பிளந்திருந்தன. இடுக்கியால் இரண்டே அழுத்தில் நிமிர்த்திவிட்டேன். வழக்கம் என்று எழுதியது பொய். சிக்கிய குண்டைப் பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வியர்த்துப் போய், கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்தேன்.

ஜூலை 31

விசாரணை அறைக்குப் போகும் முன் அருள்தாஸின் கூடாரத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து. நோட்டை நீட்டினேன்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது. நீங்க படிச்சி இந்தியில சொல்லுங்க. நான் சொன்னா என் மாப்ளைக்காகக் கதை கட்டறேன்னுவாங்க."

நின்றுகொண்டே படித்தார். ஜூலை 19 வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணையில் அவர்தான் சொன்னார். பிறகு நான் மேசையிலிருந்த ஏழு குண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். ஏழின் கழுத்திலும் ஒரே இடத்தில் கீறல். கையில் எடுத்துக் கீழே கொட்டிய குண்டில் கீறல் விழாது. கோணலாக எழும்பி, குண்டைக் குழாய்க்குள் தள்ளுகிற போல்ட் இடித்து, இரும்பில் உரசினால்தான் விழும். உதடு பிளந்ததால் குண்டு கோணலாக எழும்பியிருக்கிறது. போல்ட்டை இழுத்து அதை வெளியே தள்ளியிருக்கிறான். அடுத்ததும் கோணல். மறுபடி இழுத்திருக்கிறான். இன்னொரு மேகசின் மாற்ற இரண்டு கை வேண்டும். அவனுக்கு அதற்குள் இடது கை போய்விட்டது. வலது கை விரலில் தோல் உரிந்தது அந்தப் போல்ட்டில்தான்.

நடுவில் இருந்த அதிகாரி கேட்டார், "இந்த மேகசின் இன்று நேராக இருக்கிறதே?"

"நான் நிமிர்த்தினேன் சாப். 22-ஆம் தேதி. மறைப்பதற்காக."

சவுகான் சாப் தலையைக் குனிந்துகொண்டார்.  அருள்தாஸ் மேசைக்கு வந்து ஏழு குண்டையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார். அந்தக் கீறல் மேலேயே தடவினார்.

"நான் கத்துனதுக்கெல்லாம் அவன் பதில் சொல்லிக்கிட்டுதாம்ல இருந்திருக்கான்" என்றார். அதை அவர் இந்தியில் சொல்லவில்லை.

தீர்ப்பில் அந்த வரியை அடித்துவிட்டார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி, மேல் விசாரணைக்கு எழுதியிருக்கிறார்கள். கோத் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டேன். மூன்றே வரி. பிளாஸ்டிக் நீடிக்கும். விலை கூடினாலும் பெறும். நிமிர்த்திய இரும்பு எதையும் எவனுக்கும் கொடுக்காதீர்கள்.

ஆகஸ்ட் 1

நோட்டை மத்தியானம் சாட்சிப் பொருளாக ஒப்படைக்க வேண்டும். அதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

காலையில் கோமளாவுக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்டிக்கை அவன் கையிலிருந்து வாங்கியது, 47-ஐ ராசி என்று கொடுத்தது, அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு நிமிர்த்தியது. எதையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசவே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"எத்தினி தடவ ணா?"

"இன்னாம்மா?"

"சுடறதுக்கு எத்தினி தடவ பாத்தாரு?"

"ஏழு தடவம்மா. எட்டாவதுல சிக்கிக்கிச்சி. ஒரு கையால."

"ஏழு தடவ" என்று சொன்னாள். யாரிடமோ திரும்பி இன்னொரு தடவை அதையே சொன்னாள். குழந்தையிடம் என்று நினைக்கிறேன். பிறகு மறுபடி என்னிடம் வந்தாள்.

"பேனர நாளிக்கி நானே கட்டச் சொல்றேன். ஏழுன்னு அதுல எழுதச் சொல்றேன். கருமாதிக்கு நீ வராத ணா."

சரிம்மா என்றேன். அவள் வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன்.